கணினி வரலாறு: பெடியளுக்கு எந்தப் படம் போடலாம், எந்தப் புத்தகம் குடுக்கலாம்?

குளக்கட்டு | வெள்ளி, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவிப் பக்கம் நான் ஒரு சின்னக் கணினி வகுப்பு நடத்துவது இங்கே பலருக்குத் தெரியும். ஓ.எல், ஏ.எல் பிள்ளைகள் பதினேழு பேர். பாடத்தில் கணினி வரலாறு என்று ஒரு பகுதி வரும். முதலாம் தலைமுறை வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர் என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். போன கிழமை ஒருவனிடம், "சரி, ஒரு ஆள் தன் வீட்டில் தனக்கென்று ஒரு கணினி வைத்திருக்கலாம் என்று முதலில் யாருக்கு யோசனை வந்தது?" என்று கேட்டேன். "நாலாம் தலைமுறைக்கு, சேர்" என்றான்.

ஊர் வாசிகசாலையில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புரொஜெக்டர் இரவல், திரைக்கு வெள்ளை பெட்ஷீற். சொந்தக் கணினி வந்த கதையைச் சொல்லும் ஆவணப்படங்களும், ஏ.எல் பிள்ளை ஒன்று முக்கி முனகியாவது வாசிக்கக்கூடிய புத்தகங்களும் சொல்லுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் போன் டேட்டாவில் இறக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய மதர்போட் | வெள்ளி, இரவு 9:25

தம்பி, முதலில் போட வேண்டியது 'ட்ரையம்ப் ஒஃப் த நேர்ட்ஸ்'. 1996இல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது, மூன்று பகுதி. ரொபர்ட் எக்ஸ். கிரிஞ்ச்லி என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கதைக்க வைக்கிறார். அந்த ஆண்டில் பெரும்பாலானோர் உயிரோடு இருந்தார்கள், ஒருவர் மீது ஒருவருக்குக் கோபமும் ஆறவில்லை. ஸ்டீவ் ஜொப்ஸ் அப்போது அப்பிளுக்கு வெளியே. மைக்ரோசொஃப்டுக்கு ரசனையே கிடையாது என்று கமராவுக்கு முன்னால் சொல்வது அதில்தான் இருக்கிறது. இப்போது எடுக்கும் படங்களில் எல்லோரும் நல்லபிள்ளை மாதிரிப் பேசுகிறார்கள்.

ஜொப்ஸின் அந்த நேர்காணல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், படத்தில் வந்தது சில நிமிடங்கள்தான். மூல நாடா லண்டனிலிருந்து அனுப்பும்போது காணாமல் போய்விட்டது. பல வருடங்களுக்குப் பிறகு இயக்குநருடைய கராஜில் ஒரு விஎச்எஸ் பிரதி கிடந்து அகப்பட்டது. அதையும் தனிப்படமாக வெளியிட்டார்கள்.

இரண்டாம் பகுதியை நான் என் கடைப் பெடியளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஐபிஎம் அவசரத்தில், ஒரு வருடத்துக்குள், வெளியில் வாங்கிய பாகங்களைப் பூட்டி 1981 ஓகஸ்ட் 12இல் தன் பீசியைக் கொண்டுவந்தது. உள்ளே இன்ரெல் 8088. ஐபிஎம்முக்கே உரியது என்று இருந்தது, கணினியைத் தொடக்கி வைக்கும் நிரலான பயோஸ் மட்டும். அந்தப் பீசிக்குப் பொருந்தும் கணினி செய்ய நினைத்த கொம்பாக் கம்பனி என்ன செய்தது? ஒரு கூட்டம் அந்த பயோசை வாசித்து அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அதை ஒருநாளும் கண்ணால் காணாத இன்னொரு கூட்டம் அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. இன்றைக்கு நான் ஒரு கம்பனி நினைவகத்தையும் இன்னொரு கம்பனி போர்டையும் மூன்றாவது கம்பனி பவர் சப்ளையையும் பூட்டிச் சோறு சாப்பிடுகிறேன் என்றால் அந்த வேலையால்தான்.

கொம்பாக் பற்றித் தனியாக 'சிலிக்கன் கௌபோய்ஸ்' என்று 2016இல் ஒரு படம் வந்தது. மூன்று பேர், ஹூஸ்டனில் ஒரு சாப்பாட்டுக் கடை. தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் பெட்டியின் படத்தைக் கீறுகிறார்கள். அங்கேதான் கதை தொடங்குகிறது.

வவுனியாப் பெடியன் | வெள்ளி, இரவு 10:02

மூன்று மணித்தியாலம் வயசான ஆக்கள் கதிரையில் இருந்து கதைப்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை பார்க்குமா அண்ணை? 'பைரேட்ஸ் ஒஃப் சிலிக்கன் வேலி' போடுங்கள். 1999. ஜொப்ஸும் பில் கேட்ஸும் அடிபடுவதை நடிகர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். நோவா வைலி அச்சு அசல் ஜொப்ஸ். அதே வருடம் அப்பிள் விழா மேடையில் அவரையே ஜொப்ஸ் மாதிரி ஏற்றி, சனம் ஏமாந்து கைதட்டியது என்றால் பாருங்கோவன்.

குளக்கட்டு | வெள்ளி, இரவு 10:20

அது நான் பார்த்த படம். விறுவிறுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிந்ததும் பிள்ளைகளுக்கு என்ன நினைவில் நிற்கும்? கெட்டிக்காரன் களவெடுப்பான், அதைவிடக் கெட்டிக்காரன் அவனிடம் களவெடுப்பான். அந்தப் பெட்டியை யார் யோசித்தார்கள், யார் ஈயம் உருக்கி ஒட்டினார்கள் என்பது எங்கோ மூலையில் கிடக்கும். கடைசி மாதம் போடலாம். முதல் மாதம் வேண்டாம்.

ஸ்காபரோக்காரன் | சனி, அதிகாலை 4:15

இங்கே இப்போது மாலை, நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அந்தப் படத்துக்கு அடிப்படை 'ஃபயர் இன் த வேலி' என்ற புத்தகம். போல் ஃபிரைபேர்கர், மைக்கல் ஸ்வேன் என்ற இரண்டு கணினிப் பத்திரிகையாளர்கள் எழுதி 1984இல் வந்தது, பிறகு 2000இலும் 2014இலும் திருத்திப் போட்டார்கள். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள். வென்றவர்களோடு தோற்றவர்களுக்கும் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ஓகோ என்று இருந்து ஒரே வருடத்தில் இல்லாமல் போன கம்பனிகள் எத்தனை!

பழைய பதிப்பு ஒன்றைத் தபாலில் எடுத்தேன். அம்மா கையில் வாங்கி, தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "யாற்றை வேலியிலையடா நெருப்பு?" என்று கேட்டார். புதுக்குடியிருப்பில் எங்கள் காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் இடையில் இருந்த வேலிச் சண்டை அவருக்கு இன்னும் முடியவில்லை.

மார்கழியில் வருகிறேன். அதையும் இன்னும் இரண்டையும் வாசிகசாலைக்குக் கொண்டுவந்து தருவேன். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

களத்துமேடு | சனி, காலை 6:30

தம்பிமாருக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், இப்போது வயல்தான். கணினி பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு புத்தகம் சொல்லலாம். 'த சோல் ஒஃப் எ நியூ மெஷின்'. ட்ரேசி கிடர் எழுதியது, 1981. அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் வருவது மேசையில் வைக்கும் கணினி அல்ல, டேட்டா ஜெனரல் என்ற கம்பனியின் பெரிய பெட்டி. ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பக்கத்து வளவுக் கதை. ஆனாலும் ஒரு இயந்திரத்தை மனிதர் கூடிச் செய்வது எப்படி இருக்கும் என்பதை அவ்வளவு கிட்ட நின்று எழுதிய வேறொன்றை நான் வாசித்ததில்லை.

இரவு பகல் தெரியாமல் நனோ செக்கன் கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு பொறியியலாளர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வேர்மொன்ற் மாநிலத்தில் ஒரு பண்ணைக் கூட்டத்தோடு சேரப் போகிறார். இனிமேல் ஒரு பருவத்தை விடச் சிறிய கால அளவோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். காலபோகம், சிறுபோகம் என்று எங்களிடமும் இரண்டே அலகுதான். அவரைக் கூப்பிட்டிருந்தால் இரணைமடுத் தண்ணீரில் ஒரு ஏக்கர் கொடுத்திருக்கலாம்.

தேன்சிட்டு | சனி, காலை 11:50

களத்துமேடு ஐயா, அருமை. நான் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். ஒரு முறைப்பாடும் ஒரு சிபாரிசும்.

முறைப்பாடு: இதுவரை சொன்ன எதிலும் பொம்பிளைப் பிள்ளைகளின் பெயரே இல்லை. குளக்கட்டு அண்ணா, உங்கள் பதினேழு பேரில் எத்தனை பேர் பெண்கள்? மதர்போட் அண்ணை சொன்ன படத்திலேயே அடேல் கோல்ட்பேர்க் வருகிறார். செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் சுட்டி, சாளரங்கள் எல்லாம் ஓடிய காலம். அப்பிள்காரருக்கு அதைத் திறந்து காட்ட வேண்டாம் என்று மறித்தவர் அவர். மேலிடம் கட்டளையிட்ட பிறகுதான் காட்டினார். படம் போடும்போது அந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஆய்வுகூடத்தைப் பற்றி மைக்கல் ஹில்ட்சிக் எழுதிய 'டீலர்ஸ் ஒஃப் லைட்னிங்' என்ற புத்தகம் 1999இல் வந்தது. கொஞ்சம் மொத்தம், ஆனால் 1973இலேயே ஆல்ட்டோ என்ற அந்தக் கணினி எப்படி இருந்தது என்று வாசித்தால் வாய் பிளப்பீர்கள்.

சிபாரிசு: 'மைக்ரோ மென்', பிபிசி 2009. இதுவும் நடித்த படம்தான், இங்கிலாந்தில் மலிவான வீட்டுக் கணினி செய்த கிளைவ் சிங்கிளேயருக்கும் அவரிடமிருந்து பிரிந்துபோன கிறிஸ் கறிக்கும் நடக்கும் போட்டி. சனத்துக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும், ரிவியை மொனிற்றராகவும் கசெற்றை டிஸ்க்காகவும் பாவிக்க வேண்டும் என்ற யோசனை எங்களுக்குக் கிட்டவானது. பிபிசிக்காக ஒரு மாதிரிக் கணினியைத் திங்களில் தொடங்கி வெள்ளிக்குள் செய்து முடிக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். அதைச் செய்தவர்களில் ஒருவர் சோபி வில்சன். படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சியில் பரிமாறும் பெண்ணாக அவரே வந்து போவார், கவனியுங்கள்.

படத்துக்குப் பிந்திய கதை இன்னும் நல்லது. கிறிஸ் கறியின் அக்கோர்ன் கம்பனியில் சோபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும் 'ஆம்' (ARM) என்ற சிப்பை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26இல் முதல் சிப் வந்தது. பூட்டினார்கள், ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீற்றரைப் பிடித்துப் பார்த்தால் சுழியம். மீற்றர் பிழையில்லை. போர்டில் ஒரு கோளாறு, சிப்புக்குப் போக வேண்டிய மின் இணைப்பே இணைக்கப்படவில்லை! பக்கத்துச் சமிக்ஞைக் கம்பிகளில் இருந்து கசிந்த மின்னிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இப்போது இதை வாசிக்கும் போனுக்குள் இருப்பது அந்த வம்சம்தான்.

வவுனியாப் பெடியன் | சனி, பிற்பகல் 12:30

கரண்ட் இல்லாமல் ஓடின சிப்பா! அது வன்னிச் சிப் 😄

பழைய மதர்போட் | சனி, இரவு 7:45

பெடியன் பகிடியாகச் சொன்னதில் ஒரு விசயம் இருக்கிறது. எனக்கு ஒரு பழைய நினைவு வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை. பற்றறி வரவும் தடை. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவில் இருந்து இரண்டு வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சுற்றியது நான். வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் கரைந்து போகும். கூடினால் கிர்ர் என்று இரையும். முக்கியமான செய்தி வரும்போது அப்பா கையைக் காட்டுவார், அப்போது ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

இதைச் சொன்னது ஏனென்றால், ஸ்டீவன் லெவி எழுதிய 'ஹக்கர்ஸ்' என்ற புத்தகம், 1984. அதன் நடுப்பகுதியைத்தான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். 1975இல் அல்டேர் 8800 வருகிறது. எட் ரொபேர்ட்ஸ் என்பவரின் சின்னக் கம்பனி பாகங்களைப் பொதி செய்து தபாலில் அனுப்பும், வாங்குகிறவன் தானே ஒட்ட வேண்டும். கீபோட் இல்லை, திரை இல்லை. முன்பக்கத்தில் சுவிச்சுகளும் சின்ன விளக்குகளும். நினைவகம் 256 பைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஆகவே 85 குறி. இந்தப் பந்தியின் முதல் இரண்டு வசனமே அதற்குள் அடங்காது.

ஸ்டீவ் டொம்பியர் என்ற ஒருவன் அதை ஒட்டி முடித்து இயக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ரேடியோ ஒன்று ஓடியது. கணினி கணக்குப் போடப்போட ரேடியோவில் இரைச்சல் மாறுவதைக் கவனித்தான். எந்தக் கட்டளைக்கு எந்தச் சத்தம் என்று தேடிப் பிடித்தான். 1975 ஏப்ரலில் ஹோம்புரூ என்ற கணினி ஆர்வலர் கழகத்தின் கூட்டத்துக்கு அல்டேரையும் ரேடியோவையும் காவிக்கொண்டு போய், சுவிச்சு சுவிச்சாகத் தட்டி நிரலை ஏற்றினான். இடையில் மின்வயர் கழன்று எல்லாம் அழிந்து போக, பிறகும் முதலில் இருந்து தட்டினான். அப்புறம் ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு வந்தது. அல்டேரில் ஸ்பீக்கரே கிடையாது! கூட்டம் எழுந்து கைதட்டியது.

ஜொப்ஸ், கேட்ஸ் எல்லாம் பிறகு வரட்டும். பிள்ளைகளுக்கு முதலில் இந்தக் கதை.

குளக்கட்டு | சனி, இரவு 8:10

முடிவு செய்துவிட்டேன் அண்ணை. முதல் சனிக்கிழமை டொம்பியர். நேர்ட்ஸின் முதல் பகுதியில் அல்டேர் வரும் துண்டு, அதற்கு முன்னால் நான் இந்தக் கதையைத் தமிழில் சொல்கிறேன்.

ஸ்காபரோக்காரன் | ஞாயிறு, அதிகாலை 3:40

டேட்டாப் பிரச்சினைக்கு ஒரு வழி: 'கொம்பியூட்டர் குரோனிக்கிள்ஸ்'. 1983 தொடக்கம் 2002 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம், ஒரு நிகழ்ச்சி அரை மணித்தியாலம். அந்தந்த வருடத்தில் அந்தந்தச் சாமானை மேசையில் வைத்துக் காட்டுவார்கள். வரலாறு என்று தெரியாமலே வரலாற்றைப் பதிந்திருக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் கூட இருந்து கேள்வி கேட்கும் அமைதியான மனிதர் கரி கில்டோல், சிபிஎம் இயங்குதளத்தை எழுதியவர். மைக்ரோசொஃப்டின் டொஸ் வந்து அவருடைய இடத்தைப் பிடித்த கதை தெரிந்தவர்களுக்கு அந்த முகத்தைப் பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும்.

மோடத்தில் ஆட்கள் கூடிக் கதைத்த காலம் வேண்டுமென்றால் ஜேசன் ஸ்கொட்டின் 'பிபிஎஸ்: த டொக்கியுமென்டரி' (மேலே வந்த பிபிஎஸ் தொலைக்காட்சி அல்ல), 2005, எட்டுத் துண்டு. எனக்கு நித்திரை வந்தது. சிலருக்குப் பிடிக்கும்.

தேன்சிட்டு | ஞாயிறு, காலை 10:05

தமிழில் ஒன்றுமே இல்லையா? தமிழ் கணினிக்குள் வந்த கதையை யாரும் படமாக எடுக்கவில்லையா?

பழைய மதர்போட் | ஞாயிறு, காலை 10:50

தங்கச்சி, அந்தக் கதையில் பாதி என் மேசையில் நடந்தது. 2003இல் வவுனியாவில் வாங்கிய பென்ரியம் 3. பாமினி எழுத்துரு. 'தமிழ்' என்று வர வேண்டுமென்றால் ஆங்கிலக் கீபோட்டில் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. இன்றைக்கும் என் விரல் அப்படித்தான் போகிறது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் கல்யாண அழைப்பிதழ் முழுக்க ஜேகேபி என்று கிடக்கும். ஒருமுறை அச்சகத்தில் அப்படியே ஐந்நூறு அடித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியை 2008 கடைசியில் உழவு இயந்திரத்தில் ஏற்றித் தருமபுரம் வரை கொண்டுபோனேன். விசுவமடுவில் மொனிற்றரை விட்டேன். பிறகு ஹாட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, பொலித்தீனுக்கு மேல் உரப்பை சுற்றித் தாட்டேன். திரும்பி வந்து அந்த இடத்தைத் தேடினேன், அடையாளத்துக்கு வைத்த வேம்பே இல்லை.

ஸ்காபரோக்காரன் | ஞாயிறு, மாலை 5:30

அண்ணை... பிறகு போனில் கதைக்கிறேன்.

தங்கச்சியின் கேள்விக்கு: எண்பதுகளின் நடுவில் கனடாவில் சீனிவாசன் செய்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள்கள், 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த தமிழ்99 விசைப்பலகை, ஒழுங்கான வரிசையில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து அச்சு நூல்களைத் தேட 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. மதர்போட் அண்ணையை ஒரு கமராவுக்கு முன்னால் இருத்தினால் மிச்சமும் வந்துவிடும்.

பழைய மதர்போட் | ஞாயிறு, மாலை 6:00

கமரா வேண்டாம். எழுதித் தருகிறேன்.

குளக்கட்டு | அடுத்த மாதம், ஞாயிறு, காலை 9:15

நேற்று முதல் காட்சி. பிள்ளைகள் பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள், தேன்சிட்டுத் தங்கச்சியின் கணக்குக்கு. சினிமாப் படம் என்று நினைத்து மூன்று ஆச்சிமாரும் வந்து முன்வரிசையில் இருந்துவிட்டார்கள். அல்டேரைக் காட்டியதும் ஒரு ஆச்சி, "உது விளக்கு மட்டுமே எரியுது, வேறை ஒண்டும் செய்யாதோ?" என்று கேட்டார். 1975இலும் கனபேர் அதைத்தான் கேட்டார்கள் ஆச்சி என்றேன்.

இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது. பொழுதைப் போக்க டொம்பியர் கதையைத் திரும்பவும் சொன்னேன், வயர் கழன்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் வந்ததும் ஒருத்தி, "சேர், எங்கடை கொம்பியூட்டரிலும் கேட்குமா?" என்றாள். வாசிகசாலையின் பழைய டெஸ்க்டொப்புக்குப் பக்கத்தில் ஆச்சி ஒருவரின் கை ரேடியோவை வைத்து, மத்திய அலையில் நிலையம் இல்லாத இடமாகத் திருப்பினோம். இரைச்சல். ஒரு பெரிய கோப்பைத் திறந்ததும் அந்த இரைச்சல் கிறீச் என்று மாறியது. அதன் பிறகு படத்தை யார் பார்த்தது? ஒருவர் மாறி ஒருவர் கோப்பைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மிச்சத்தை அடுத்த மாதம் போட வேண்டும்.

ஒரு சிக்கல். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட கதையையும் சொன்னேன். டொம்பியரை நம்பினார்கள், அதை நம்பவில்லை. செய்து காட்டச் சொல்கிறார்கள். மதர்போட் அண்ணை, டைனமோ இருக்கிறதா?

பழைய மதர்போட் | ஞாயிறு, காலை 9:40

டைனமோ இருக்கிறது. பூட்டச் சைக்கிள் இல்லை.

களத்துமேடு | ஞாயிறு, காலை 9:52

என்னுடைய சைக்கிள் இருக்கிறது, பின்சில்லுக்குக் காற்றுத்தான் நிற்காது. கவிட்டு வைத்தால் அது பரவாயில்லைத்தானே? வருகிற மாதம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.